அத்தைக்கு ஒரு பிறந்தநாள் பாட்டு: மங்கு, வாளி, ஒரு கைப்பேசி

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, போன பங்குனியில் எழுபது நிறைந்தது. பெயர் கமலா. கேக் வெட்டுவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை பாட்டிக்கென்றே ஒரு பாட்டு செய்து போட்டுக் காட்டலாம் என்றாள் என் சின்னவள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். சங்கீதம் படித்ததில்லை. கையில் இருந்தது ஒரு கைப்பேசி, மகனின் பழைய மடிக்கணினி, இரண்டு வாரம். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லாமல் பாட்டு முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நாலு பேர் கேட்டுவிட்டார்கள், எப்படிச் செய்தாய் என்று. ஒவ்வொருவருக்கும் வேனை நிறுத்திவைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நானும் குறுக்கு வழியில்தான் போனேன். பெயரையும் வயதையும் கொடுத்தால் பாட்டே தரும் ஏஐ செயலி ஒன்றில் மகன் தட்டினான். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. வயலின் என்ன, கோரஸ் என்ன, கல்யாண மண்டபம் மாதிரி ஒரே தடபுடல். ஆனால் பெயர் வரும் இடத்தில் 'காமாலா, காமாலா' என்று இழுத்தது. சின்னவள் கேட்டாள்: "பாட்டிக்கு மஞ்சக்காமாலையாம்மா?"

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். நம் பெயர்களில் குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நின்றால்தான் அது அந்த ஆளின் பெயர். க, ம இரண்டும் குறில், லா மட்டும் நெடில். குறிலை இழுத்தால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். உலகமே பாடுகிற அந்த ஆங்கிலப் பிறந்தநாள் மெட்டிலும் இதே சிக்கல்தான். அதன் மூன்றாவது வரியில் பெயருக்கென்று இருப்பது இரண்டே நீண்ட சுரம். மீனா, ராஜா போன்றவர்கள் அதில் கால் நீட்டி உட்காரலாம். கமலாவும் முனியம்மாவும் நசுங்கிப்போவார்கள்.

மற்றபடி அந்த மெட்டில் தயக்கம் வேண்டாம். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் பாலர் பள்ளிக்காக 1893இல் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. ஒரு பெரிய இசை நிறுவனம் பிறந்தநாள் வரிகளுக்கு ரொம்ப காலம் காசு வாங்கிக்கொண்டிருந்தது. 2015இல் அந்த உரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு வழக்கும் சமரசத்தில் முடிந்து, பாட்டு பொதுச்சொத்தாகிவிட்டது. பெயர் பொருந்தினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டின் கரோக்கியில் வரியை மாற்றிப் பாடுவது சுலபம்தான். ஆனால் அதை யூடியூபில் ஏற்றினால், இசைக்குச் சொந்தக்காரர்கள் உரிமை கோரிச் சத்தத்தை அடைத்துவிடக்கூடும். ஈப்போவில் இருக்கும் நாத்தனாருக்கும் ஜொகூரில் இருக்கும் கொழுந்தனுக்கும் அனுப்ப நினைத்த எனக்கு அது சரிப்படவில்லை.

கடைசியில் கும்மியில் வந்து நின்றேன். கும்மிக்குச் சொந்தக்காரர் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கை தட்டத் தெரியும், அது போதும். தாலாட்டும் தெம்மாங்கும்கூட அப்படித்தான். உங்கள் பாட்டி எதை முணுமுணுப்பாரோ அதையே எடுங்கள்.

மெட்டு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, வரிக்குத்தான் பத்து நாள் ஆனது. முதலில் நான் எழுதியதெல்லாம் 'அன்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே' வகை. படித்துப் பார்த்தால் யார் மாமியாருக்கும் பொருந்தும். கிழித்துப் போட்டேன்.

அப்புறம் வெங்காயம் உரிக்கும் சாக்கில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். நேரே போய் 'உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். வாயை மூடிக்கொள்வார்கள். சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி கேட்க வேண்டும். "அத்த, வெட்டுக்குப் போகும்போது எத்தன மணிக்கு எழுந்திரிப்பீங்க?" என்றேன். நாலு மணிக்கு என்றார். வெயில் ஏறினால் மரத்தில் பால் இறங்காதாம், அதனால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடுவார்களாம். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. மாமா, காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போகாமல் தூங்குவாராம். அவரை எழுப்புவது, மரத்தைப் பார்ப்பது, பிள்ளைகளை ஆயா கொட்டகையில் விடுவது எல்லாம் ஒரே ஆள். வெங்காயம் தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு முதல் நாலு வரி அங்கேயே கிடைத்துவிட்டது.

நாலு மணிக்கே எழுந்தவளாம் – அவ
நெத்தி விளக்கில் நடந்தவளாம்
பாலு மரத்தையும் பார்த்தவளாம் – எங்க
பாட்டனையும்கூட மேய்ச்சவளாம்

பேரப்பிள்ளைகள் பாடுவதால் 'எங்க பாட்டன்'. வீட்டில் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் பாலுக்குப் பாட்டன் வந்தால் மோனை நிற்கிறது. நாலு, பாலு என்று இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. இதெல்லாம் ஐந்தாம் ஆண்டில் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருஷம் கழித்து உதவுகிறது. எதுகை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். எதுகைக்காகப் பொய் எழுத வேண்டாம். 'மேய்ச்சவளாம்' வேண்டாமே என்று என் வீட்டுக்காரர் முனகினார். மாமா படத்துக்கு முன்னால் நின்று ஒருமுறை பாடிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டோம்.

வரி தாளத்தில் விழுகிறதா என்று பார்க்க ஒரே வழி, தொடையில் தட்டிக்கொண்டே சொல்வது. 'நாலு'வில் ஒரு தட்டு, 'மணிக்கே'யின் முடிவில் ஒன்று, 'தவளாம்' வரும்போது ஒன்று, அடுத்தது வெறும் தட்டு. அந்த வெறும் தட்டில்தான் மூச்சு வாங்க வேண்டும். நாலு தட்டுக்கு ஒரு வரி. எந்த வரியிலாவது வாய் ஓடிக் கை பின்தங்கினால், அந்த வரியில் ஒரு சொல் அதிகம். வெட்டுங்கள்.

அடுத்தது பெயர். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு இப்படி வந்தது:

ஊரு முழுக்கக் கமலாம்மா – எங்க
வீடு முழுக்கவும் பாட்டியம்மா
யாரு நுழைஞ்சாலும் கேட்டிடுவா...

'கமலாம்மா'வில் க, ம இரண்டும் ஓடிவிடும், 'லாம்மா'வில் ஆசை தீர இழுக்கலாம். காமாலை ஒழிந்தது. உங்கள் வீட்டுப் பெயரையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். நெடில் எங்கே இருக்கிறதோ அங்கே இழுங்கள். பெயர் முழுக்கக் குறிலாக இருந்தால் 'அம்மா', 'அக்கா', 'ஐயா' என்று ஒட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் எப்படியும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

நாலாவது வரி இல்லை. அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டும்: "கால கழுவுனியா?" எங்கள் வீட்டுக்குள் யார் காலை வைத்தாலும் அத்தை கேட்கிற முதல் கேள்வி அது. செம்மண் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஐம்பது வருஷம் தரையைத் துடைத்தவர். தாமானுக்கு மாறிவந்து, வாசல்வரைக்கும் தார்ச்சாலை வந்துவிட்ட பிறகும் கேட்கிறார். தேர்தல் நேரத்தில் கைகூப்பிக்கொண்டு வந்தவர்களையும் கேட்டார். ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும், தேடிப் பிடியுங்கள். பெயரை எடுத்துவிட்டுப் பாடினாலும் 'இது இன்னார்தான்' என்று தெரிய வேண்டும்.

தாளத்துக்குச் செயலியில் ஆயிரம் மேளம் கிடைக்கும். நாங்கள் வீட்டைத்தான் குடைந்தோம். அத்தை ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்கு இரண்டை இன்னும் வைத்திருக்கிறார். பீங்கான் மங்கு, கரண்டிக் காம்பால் தட்டினால் கணீர் என்கிறது. மைலோ டின்னில் ஒரு பிடி அரிசி போட்டு மூடிக் குலுக்கினால் சலங்கை. கனமான சத்தத்துக்கு அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், பூச்செடி வைத்திருந்த பால் வாளி. மண்ணைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். கோயில் உருமி மேளக் குழுவில் வாசிக்கும் நாத்தனார் மகன் விரலால் தட்டினான். உருமியையே கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வீட்டுக்குள் வேண்டாம், பக்கத்து வீட்டில் சாமி வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

இனிப் பதிவு. கருவியைவிட இடம்தான் முக்கியம். எங்கள் கூடத்தில் பதிந்தால் கிணற்றுக்குள் பேசுவது போல இருந்தது. படுக்கையறையில் சேலை அலமாரியைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பாடினோம். துணி எதிரொலியைக் குடித்துவிடும். காற்றாடியை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல வரியின் நடுவில் யாராவது வேன் எங்கே வருகிறது என்று கேட்பார்கள். வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள், 'பா' சொல்லும்போது காற்று முட்டாது. நேரம் பார்த்துப் பதியுங்கள். விடிகாலையில் சேவல், சாயங்காலம் தகரக்கூரையில் மழை. எனக்குக் கிடைத்தது காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த பிறகு பத்திலிருந்து பதினொன்றரை வரை. ஆனால் அப்போது பாடுகிற பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், அதனால் எல்லாப் பதிவும் சனி, ஞாயிறுக்குப் போனது.

முதலில் தாளத்தை மட்டும் பதியுங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு வைத்துக்கொண்டோம். அப்படியானால் நாலு வரி ஏறக்குறைய பதினொரு விநாடி. ஒவ்வொரு கண்ணியையும் இரண்டு தடவை பாடி, நடுவில் கொஞ்சம் வாளிச் சத்தம் விட்டால் ஒரு நிமிடம். அதற்குமேல் வேண்டாம், மெழுகுவர்த்தி உருகிவிடும். அந்தத் தாளத்தை வேறொரு கைப்பேசியில் காதொலிப்பானில் கேட்டுக்கொண்டே குரலைப் பாட வேண்டும். கம்பியுள்ள காதொலிப்பான்தான் வேண்டும். புளூடூத்தில் சத்தம் ஒரு நொடிப்பொழுது தாமதமாக வரும், பாடுகிறவர் பின்தங்கிக்கொண்டே போவார். இது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க என் மகளைத் திட்டினேன்.

ஒட்டுவதற்கு மடிக்கணினியில் ஆடாசிட்டி. இலவசம். தாளம், பிள்ளைகள் குரல், கத்தல் மூன்றையும் தனித்தனித் தடத்தில் இறக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக நகர்த்தி வைக்க வேண்டும். எங்கே பொருத்துவது என்று தெரிய, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று தாளத்தோடு எண்ணிவிட்டு ஓங்கி ஒரு கைதட்டு. அந்தத் தட்டு அலையில் ஊசி மாதிரி நிற்கும். ஊசிக்கு நேரே ஊசி வைத்தால் வேலை முடிந்தது, பிறகு அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். கைப்பேசிப் பதிவு எம்4ஏ கோப்பாக இருந்தால் விண்டோஸில் ஆடாசிட்டி திறக்க மறுக்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணையை நிறுவினால் திறக்கும். அல்லது பதிவுச் செயலியின் அமைப்பில் வேவ் என்று இருந்தால் ஆரம்பத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை லேசாகப் போடுங்கள். அதிகம் போனால் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் பாடுவார்கள். கணினி இல்லாதவர்களுக்குச் சிங்கப்பூர்க்காரர்களின் பேண்ட்லேப் கைப்பேசியிலேயே இதைச் செய்யும், ஐபோன் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட். இரண்டும் இலவசம்தான்.

எம்பி3யாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். குரல்பதிவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், மங்குச் சத்தம் செத்துப்போகும்.

இன்னொரு திருட்டு வேலையும் செய்தேன். ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் பதிவை ஓடவிட்டபடி வேண்டுமென்றே செருப்போடு வாசலில் கால் வைத்தேன். அத்தையின் அசல் குரல் மாட்டியது. பாட்டின் கடைசியில், எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, தனியாக அதை வைத்தேன்.

அந்தக் காலத்தில் வானொலிக்கு அஞ்சலட்டை போட்டு, பிறந்தநாள் வாழ்த்தில் பெயர் வருமா என்று ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம் அத்தை. பிள்ளைகள் பெயர் வந்திருக்கிறது, அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அவருக்கு யார் அட்டை போட்டார்கள்?

அன்றைக்கு அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாட்டை ஓடவிட்டோம். முதல் வரியில் தலை நிமிர்ந்தது. 'பாட்டனையும்கூட' வந்தபோது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் அவர் குரலே "கால கழுவுனியா?" என்று கேட்டதும், சுற்றி நின்ற எங்கள் கால்களை ஒரு தடவை பார்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அத்தை எழுந்துபோய் அஞ்சடி மூலையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் இருக்கு. என் செடிய எங்க கொட்டுன?"