புல்லு மெசினுக்குப் புது காபரேட்டர் பூட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மாரி முடிந்து தைப்பொங்கலும் போய்விட்டால் திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்லு மெசின் சத்தம்தான். உப்புவெளி, நிலாவெளி விடுதி முற்றங்கள், தம்பலகாமத்து வயல் வரம்புகள், மழையைக் குடித்து இடுப்பளவு வளர்ந்து நிற்கும் வெறுங்காணிகள். கோட்டையடி மான்களை நம்பி விட்டுவிடக்கூடிய புல் இல்லை இது. மெசின் கிளம்பாமல் அடம்பிடிப்பதும் அதே நாட்களில்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்றில் புல் காய்ந்து கிடக்கும். மெசினும் தாங்கியில் பாதிப் பெற்றோலோடு ஒரு மூலையில் கிடக்கும். பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகப் படிந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேட்டருக்குள் இருக்கும் மயிர்த்துளைகளை அடைத்துவிடும். அதனால் காபரேட்டர் மீது சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஆனால் புதுசு பூட்டியும் கிளம்பாத மெசின்கள் நிறைய. கிளம்பி, இரண்டு கிழமை நன்றாக ஓடி, பிறகு பிஸ்டன் இறுகிப் போன மெசின்களும் உண்டு. அநேகமான நேரம் குறை காபரேட்டரில் இல்லை. அதைச் சுற்றி இருக்கிற கஸ்கட் (இடுக்கில் காற்றுக் கசியாமல் வைக்கும் மெல்லிய தகடு), டியூப், பில்டர் என்ற சில்லறைச் சாமான்களில் இருக்கிறது. காசு போவது காபரேட்டருக்கு, கவனம் போக வேண்டியது அவற்றுக்கு.

முதல் பிழை, பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சோக் போட்டு ஆறேழு தடவை இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் மேலே வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது அளவுக்கு மீறி ஊற்றிவிட்டது. காய்ந்த பிளக் என்றால், பிளக் துளைக்குள் பெற்றோல்-ஒயில் கலவையில் ஐந்தாறு துளி விட்டுப் பூட்டி இழுங்கள். இரண்டு மூன்று செக்கன் இயங்கி நின்றால் எஞ்சினும் பொறியும் நல்லது, பெற்றோல் வரும் வழியில்தான் குறை. அந்த வழியிலும் காபரேட்டர் கடைசி. தாங்கி மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டாலே மெசின் கொஞ்ச நேரம் ஓடி மூச்சுத் திணறி நிற்கும். மெசினைச் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஓடுகிறதென்றால் வருத்தம் அங்கேதான். ஐடிலில் நன்றாக நின்று, அக்சிலேட்டரை இழுத்தால் மட்டும் வலு இல்லாமல் போனால் சைலன்சரைக் கழற்றி வாயில் உள்ள கம்பி வலையைப் பாருங்கள். கரி பிடித்து அடைத்திருக்கும். இதற்கெல்லாம் காபரேட்டர் மாற்றிப் பயனில்லை.

காபரேட்டர்தான் குறை என்று தெரிந்தாலும் முழுதாக மாற்றத்தான் வேண்டுமா? உள்ளே இருக்கும் மெல்லிய டயபிரம் தகடு விறைத்துப் போனதுதான் குறை என்றால் ரிப்பேர் கிட் போதும், விலையும் குறைவு. பூட்டும் ஒழுங்கு மட்டும் கவனம். பெரும்பாலான சிறு காபரேட்டர்களில், எஞ்சினுக்குப் போகும் பெற்றோலை அளவிடும் பக்கத்தில் முதலில் கஸ்கட், அதன்மேல் டயபிரம். தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் பம்ப் பக்கத்தில் அதற்கு மறுதலை: முதலில் டயபிரம், பிறகு கஸ்கட். கழற்றும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு தலையைச் சொறிய வேண்டியதில்லை. இன்னொன்று, பித்தளைத் துளைகளுக்குள் கம்பி விட்டுக் குடையாதீர்கள். துளை அகன்றால் அந்தக் காபரேட்டர் பிறகு எந்த ஸ்க்ரூவுக்கும் கட்டுப்படாது. ரயர் கடைக் கொம்பிரசரால் முழுக் காபரேட்டருக்குள் காற்றடிப்பதும் டயபிரத்தைக் கிழிக்கும்.

சரி, மாற்றியே தீரவேண்டும் என்று கடைக்குப் போகிறீர்கள். "இது எல்லாத்துக்கும் சரிவரும் தம்பி" என்ற பேச்சை நம்பாதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் காபரேட்டர்கள் பல. போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம், உள்வாயின் அகலம், சோக் இருக்கும் பக்கம், பெற்றோல் டியூப் ஏறும் முனைகள், முகத்தில் உள்ள சின்னத் துளையின் இடம் ஆகியவை ஒத்துவர வேண்டும். வோல்ப்ரோ, சாமா போன்ற கொம்பனிகளின் காபரேட்டர்களில் உடம்பிலேயே எழுத்தும் இலக்கமும் குத்தியிருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரியும். இங்கே அதிகம் ஓடும் 43 சிசி, 52 சிசி சீன மெசின்களில் அந்த இலக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் உத்தமம். முதுகில் சுமக்கும் சில மெசின்களில் அடியில் கிண்ணம் உள்ள காபரேட்டர் இருக்கும். அது வேறு சாதி, அதற்கும் இதற்கும் மாற்றீடு கிடையாது.

இனிப் பூட்டும் வேலை. இங்கேதான் அவசரம் அதிகம் காசு தின்னும்.

சிலிண்டருக்கும் காபரேட்டருக்கும் இடையில் கறுப்பு நிறத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன் இரண்டு முகத்திலும் ஒவ்வொரு கஸ்கட். அந்தக் கட்டை சூடு தடுப்பதற்கு. அதை விட்டுவிட்டுப் பூட்டினால் காபரேட்டர் கொதித்து, பெற்றோல் ஆவியாகி, சூடான மெசின் மறுபடி கிளம்பாது. கட்டையைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா பாருங்கள். வளைந்திருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் காற்றுக் கசியும்.

கஸ்கட்டை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய துளை, இரண்டு பக்கமும் போல்ட் துளை. அவற்றோடு ஓரத்தில் தீக்குச்சி முனையளவு ஒரு துளை. நிறையப் பேர் கவனிக்காத இடம் அதுதான். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் அறைக்குள் அமுக்கமும் உறிஞ்சலும் மாறி மாறி வரும். அந்தத் துடிப்பு இந்தச் சின்னத் துளை வழியே காபரேட்டருக்கு வந்து டயபிரத்தை அசைக்கும். அந்த அசைவுதான் தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கிற பம்ப். கஸ்கட்டைத் தலைகீழாக வைத்தால் துளை மூடிவிடும். ரப்பர் குமிழை அமுக்கி ஏற்றிய பெற்றோலில் மெசின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். மறுபடி அமுக்க, மறுபடி ஓடும். "புதுச் சாமானும் பழுது" என்று கடையில் சண்டை பிடிப்பவர்களில் சிலர் இந்தத் துளையைத்தான் மூடி வைத்திருக்கிறார்கள்.

பழைய கஸ்கட்டையே திரும்பப் போடுவது, கொப்பி மட்டையில் வெட்டிப் போடுவது, கஸ்கட்டுக்குப் பதிலாக சிலிக்கன் பூசுவது, மூன்றும் வேண்டாம். சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போய் அடைக்கும். பழைய கஸ்கட்டின் துணுக்குகளைச் சுரண்டும்போது சிலிண்டர் வாயில் ஒரு துணி செருகிக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த துணுக்கு பிஸ்டனைக் கீறும்.

காற்றுக் கசிவு ஏன் இவ்வளவு பெரிய விசயம்? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் தனியாக இல்லை. பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. இடுக்கால் காற்றுப் புகுந்தால் பெற்றோலின் பங்கு குறையும், அதோடு ஒயிலும் குறையும், சூடு ஏறும். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் மெசின் முன்பைவிட வேகமாகக் கத்தும். "புதுக் காபரேட்டர் போட்ட பிறகு நல்ல ஸ்பீட்" என்று சந்தோசப்படுவார்கள். அக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டு நிற்பது, ஐடில் தானாக ஏறி இறங்குவது, இரண்டும் அபாயக் குறி. மெசினை ஐடிலில் விட்டுப் பூட்டிய இடுக்கைச் சுற்றிக் கொஞ்சம் கிறீஸ் தடவிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் கசிவு அங்கேதான். கழற்றிச் சரியாகப் பூட்டுங்கள், கிறீஸோடு விட்டுவிடாதீர்கள்.

போல்ட் இரண்டையும் முதலில் கையால் சுற்றுங்கள், பிறகு மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எதிர்ப்பக்கம் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கடலோரத்தில் உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் நாளே ஒயில் விட்டு ஊற வையுங்கள். மணல் முற்றத்தில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் துணியும் ஒரு தட்டும் போதும், விழுந்த ஸ்பிரிங்கை மணலில் சலிக்கிற வேலை மிச்சம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது டியூப். தாங்கியிலிருந்து வருவது இரண்டு. பில்டர் மாட்டிய டியூப் காபரேட்டருக்குப் பெற்றோல் கொண்டுவருவது. மற்றது ரப்பர் குமிழிலிருந்து மிச்சத்தைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்புவது. மாற்றிப் பூட்டினால் குமிழை எவ்வளவு அமுக்கினாலும் பெற்றோல் ஏறாது. கழற்று முன் ஒன்றில் ஒரு துண்டு டேப் சுற்றிவிட்டால் குழப்பம் இல்லை. பழைய டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தால் அதையும் அன்றே மாற்றுங்கள். தாங்கிக்குள் நுழையும் இடத்தில்தான் அதிகம் வெடிக்கும், வெளியில் தெரியாது. சேலைன் டியூப் போடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், விலையும் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கிற பொருளைப் பெற்றோல் உறிஞ்சிவிடும். கொஞ்ச நாளில் குச்சியாகி, முனையில் தளர்ந்து காற்றை உறிஞ்சும்.

பில்டரை வளைத்த கம்பியால் தூக்கி எடுத்து மாற்றுங்கள். தாங்கியைப் புதுப் பெற்றோலால் அலசி ஊற்றுங்கள். இந்த இரண்டும் செய்யாமல் காபரேட்டர் மட்டும் மாற்றுவது, பழைய அழுக்கைப் புதுக் காபரேட்டருக்கு அனுப்பி வைப்பதுதான். பெற்றோல் கானில் மிச்சமிருக்கிற பழைய கலவையும் அப்படித்தான். சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ள ஊரிலும் 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றோம். அந்தப் பயத்தில் இன்னும் போத்தலில் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தாலும், மாதக்கணக்கில் கிடந்ததை மெசினுக்கு ஊற்றாதீர்கள்.

கலவை அளவு மெசினோடு வந்த தாளில் இருக்கும். மலிவான சீன மெசின்கள் பலவற்றுக்கு 25க்கு 1, அதாவது ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். ஸ்டீல் (Stihl) போன்ற கொம்பனி மெசின்களுக்கு அவர்கள் சொல்கிற ஒயிலோடு 50க்கு 1, லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பாணி மருந்து மூடியால் அளந்தாலும் பரவாயில்லை, கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள். ஹொண்டா ஜிஎக்ஸ்35 போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலவையே இல்லை. வெறும் பெற்றோல், ஒயில் தனி அறையில்.

பூட்டி முடிந்ததும் குமிழைப் பெற்றோல் நிறையும்வரை அமுக்கி, சோக் போட்டு இழுங்கள். ஒரு தடவை இருமினால் உடனே சோக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் மிதமிஞ்சிப் பிளக் நனையும், பழி புதுக் காபரேட்டருக்குப் போகும்.

ஸ்க்ரூவைத் திருகுவதில் பலருக்குக் கை சும்மா இருக்காது. எயார் பில்டரைப் பூட்டி, தங்கூசியை (புல் வெட்டும் நைலோன் நூல்) அளவாக வெளியே விட்டு, எஞ்சின் சூடான பிறகுதான் திருக வேண்டும். பில்டர் இல்லாமல் சரிபார்த்த அளவு பில்டர் போட்டதும் மாறிவிடும், அதற்கிடையில் நம் கடற்கரை மணலும் உள்ளே போய்விடும். ஐடிலில் தங்கூசித் தலை சுற்றக்கூடாது; சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எச் (முழு வேகம்), எல் (குறைந்த வேகம்) ஸ்க்ரூ இருந்தால், தொடுமுன் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முழு இழுப்பில் கூர்மையாக வீறிடுகிற சத்தம் காதுக்கு இனிமையாக இருக்கலாம், பெற்றோல் குறைகிறதென்று அர்த்தம். வெறுமனே ஓடும்போது கொஞ்சம் கரகரத்து, புல்லில் வைத்ததும் தெளிய வேண்டும். பல மலிவான காபரேட்டர்களில் இந்த ஸ்க்ரூக்களே இராது, ஐடில் மட்டும்தான். அப்படியென்றால் வேலை மிச்சம்.

பழைய காபரேட்டரை எறிந்துவிடாதீர்கள். குமிழ், ஸ்பிரிங், கேபிள் பிடிக்கிற துண்டு எல்லாம் என்றாவது உதவும். பழுதானது டயபிரம் மட்டும் என்றால், ஒரு கிட் போட்டு அடுத்த மாரிக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம்.