சேலத்திலிருந்து கேரளாவுக்குப் பகல் ரயில்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் ராத்திரி வண்டியில் போனேன். கண் விழித்தபோது திருச்சூர் வந்துவிட்டது. பாரதப்புழை ஆற்றைத் தாண்டியதே தெரியவில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

1. வண்டி பார்ப்பது

சேலம் ஜங்ஷனுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை விட, கோவையைத் தாண்டி ஷொர்ணூர் போய்ச் சேரும்வரை வெளிச்சம் இருக்குமா என்று பாருங்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் மலை இறங்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளை அவசரமாக இறங்க முடியாது.

2. டிக்கெட்

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தவறவிட்டால் முந்தைய நாள் தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. பகல் பயணத்துக்கு ஸ்லீப்பர்தான் நல்லது. ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, மழை வாசனை உள்ளே வராது. சைடு லோயர் கேளுங்கள். 7, 15, 23 என்று எட்டெட்டாகக் கூடிப் போகும் எண்கள். பகலில் சைடு அப்பர்காரரும் அங்கேதான் உட்காருவார், அவருக்கும் இடம் விடுங்கள்.

3. சாப்பாடு

இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி, வாட்டிய வாழை இலையில் இறுக்கமாகக் கட்டுங்கள். மதியம் பிரிக்கும்போது பொடி உள்ளே ஊறி, இட்லி ஓரம் சிவந்திருக்கும். தட்டுவடை செட் வேண்டுமென்றால் வடை தனி, சட்னி தனி, துருவிய கேரட் பீட்ரூட் தனி. சேர்த்துக் கட்டினால் சங்ககிரி வருவதற்குள் வடை நமத்துப் போகும்.

4. ஜன்னலோரம்

சங்ககிரியில் கோட்டை மலை. அப்புறம் ஈரோட்டுக்கு முன்னால் காவிரிப் பாலம். ஆடியில் போனால் தண்ணீர் பார்க்க இன்னும் அழகு. திருப்பூர் பக்கம் கொஞ்சம் கண்ணயரலாம், தப்பில்லை.

மதுக்கரையில் எழுந்துவிடுங்கள். வாளையார் காட்டில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் வண்டி மெதுவாகப் போகும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் இது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகத்தான் கோவைக்குள் நுழைகிறது. ஜூலையில் முகத்தில் அடிக்கும் காற்றிலேயே அந்த ஈரம் தெரியும். வண்டி போகும் திசையில் வலப்பக்கம் மலை. பாலக்காடு தாண்டினால் வயல் நடுவே பனைமரங்கள், பிறகு இடப்பக்கம் ஆறு.

உங்கள் இருக்கை எந்தப் பக்கம் வரும் என்று டிக்கெட் போடும்போது தெரியாது. எதிர் ஜன்னல்காரரிடம், "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காந்துக்கட்டுமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் நகர்ந்து உட்காருவார்கள். படிக்கட்டில் மட்டும் உட்காரவே வேண்டாம்.

ஒற்றப்பாலம் வந்ததும் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். ஆறு கூடவே வரும். ஷொர்ணூர் பக்கத்தில் சக்கரச் சத்தம் திடீரென்று கனத்துக் கேட்கும்போது குனிந்து பாருங்கள், கீழே பாரதப்புழை.