முதல் தையல் இயந்திரம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

புதிதாகத் தையல் பழக விரும்புவோர், எந்த நிறுவனத்தின் இயந்திரம் நல்லது என்று விசாரிப்பதற்கு முன்பாக, தாம் எதைத் தைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ரவிக்கை, உள்பாவாடை, தலையணை உறை, குழந்தைகளின் கவுன் போன்றவற்றுக்கு நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு நிற இரும்பு இயந்திரமே போதுமானது. இளம்பிள்ளைச் சேலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பதும் பீகோ எனப்படும் நெருக்கமான ஓரத் தையல் போடுவதும்தான் நோக்கம் என்றால், ஊசி இடமும் வலமுமாக மாறி மாறி இறங்கும் ஜிக்ஜாக் தையல் வரும் இயந்திரம் தேவைப்படும். பல வகைப் பூத்தையல்கள் வரும் மின் இயந்திரங்கள் கண்ணைக் கவர்ந்தாலும், பழகுபவர் முதல் ஓராண்டில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை. கையில் பிடித்துத் தைக்கும் சிறு கருவிகளை வாங்கவே வேண்டாம். அவை ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவதால், ஒரு முனை அவிழ்ந்தால் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

முதல் இயந்திரமாகக் காலால் மிதிக்கும் வகையையே நான் பரிந்துரைப்பேன். மின்வெட்டு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வேகம் தைப்பவரின் கால் கட்டுப்பாட்டில் இருப்பதால், வளைவுகளில் நிதானமாகத் தைக்கப் பழகலாம். மோட்டாரைப் பின்னர் பொருத்திக்கொள்ளவும் முடியும். இதைவிட முக்கியமான காரணம் பழுதுபார்ப்பு. உஷா, சிங்கர் போன்ற பெயர்களில் வரும் எளிய கறுப்பு இயந்திரங்களுக்கான பாபின் (அடிநூலைச் சுற்றிவைக்கும் சிறு உருளை), அதை மாட்டும் பாபின் கேஸ், ஊசி, பெல்ட் ஆகியவை சேலம் நகரில் எளிதில் கிடைக்கும். அவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இருப்பவர், பழுதான ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இயந்திரத்தைக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும் என்பதால், இந்த எளிமை அவருக்கு இன்னும் பெரிய உதவி. அப்படிக் கொண்டுவர நேர்ந்தாலும் ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, இயந்திரத்தின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி எடுத்துவந்தால் போதும்.

கடையில் தைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வீட்டிலிருந்தே ஒரு மெல்லிய பருத்தித் துணியையும் சற்றுத் தடித்த துணியையும் எடுத்துச் செல்லுங்கள். மேல்நூலுக்குச் சிவப்பு, பாபினுக்கு வெள்ளை என இரு நிற நூல்களைக் கோத்துத் தரச் சொல்லி, இரண்டாக மடித்த துணியில் தைத்துப் பாருங்கள். இரு நூல்களும் துணியின் நடுவில் பின்னிக்கொண்டால் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் மட்டுமே தெரியும். மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அதிக இறுக்கமாக இருக்கிறது. அடிப்புறத்தில் சிவப்பு தெரிந்தால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைச் சிறிது திருப்பியதும் இது சரியாகிவிட வேண்டும். எவ்வளவு திருகியும் சரியாகவில்லை என்றால், கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் வேறு இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு துணியை நான்கு மடிப்பாக்கி, சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் இடிக்காமல் சீராகச் சுற்ற வேண்டும்.

பழைய இயந்திரமும் நல்ல தேர்வாக இருக்கலாம். ஆனால் துணியை நகர்த்தும் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, ஊசி இறங்கும் தகட்டின் துளையைச் சுற்றிக் கீறல்கள் இருக்கின்றனவா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அச்சு ஆடுகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஆதரவற்ற பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தையல் இயந்திரம் இலவசமாக வழங்குகிறது. தகுதி உள்ளவர்கள் கடன் வாங்குவதற்கு முன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

இயந்திரத்தில் மிச்சமாகும் பணத்தை நல்ல கத்தரிக்கோலுக்குச் செலவிடுங்கள். எட்டு அல்லது ஒன்பது அங்குலக் கத்தரிக்கோல் துணிக்கென்றே தனியாக இருக்க வேண்டும். காகிதம் வெட்டினால் அதன் கூர்மை போய்விடும். இஞ்ச் டேப், துணியில் குறி போடும் டெய்லர் சாக், குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, சில உபரி பாபின்கள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். ஊசியில் மட்டும் கவனம் வேண்டும். சாதாரணப் பருத்திக்கு 14, பட்டு போன்ற மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 என்ற எண்கள் பொருந்தும். சேலம் வெண்பட்டில் 16-ஆம் எண் ஊசியை இறக்கினால் துளைகள் அப்படியே நின்றுவிடும். நூலை வாங்கும்போது ஒரு முழம் உருவி இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுபடும் நூல் இயந்திரத்திலும் அறுபட்டுக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தேங்காய் எண்ணெயை விடுவது பலருக்கும் வழக்கமாக இருக்கிறது. அது நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும், ஏற்காட்டுக் குளிரில் உறைந்தும் போகும். தையல் இயந்திரத்துக்கென விற்கும் எண்ணெயைத் துளைகளில் ஓரிரு சொட்டு விட்டு, பயனற்ற துணியில் சிறிது நேரம் தைத்து உபரி எண்ணெயை வெளியேற்றிவிட வேண்டும். மலையில் பனிமூட்டமும் மழையும் மாறி மாறி வருவதால், இயந்திரத்தை ஜன்னலோரத்திலும் ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். மூடுவதற்குப் பிளாஸ்டிக் உறையைவிடப் பருத்தித் துணியே ஏற்றது. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கி இரும்பு துருப்பிடிக்கும்.

முதல் சில நாள்களுக்கு நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மீதே ஊசி இறங்கும்படி மிதித்துப் பழகுங்கள். சக்கரம் எப்போதும் தைப்பவரை நோக்கியே சுற்ற வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் நூல் சிக்கும். கால் இதில் தேறிய பிறகு, புதிய ஊசியை மாட்டி, பழைய வேட்டியிலோ, சேலத்தின் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளில் தெரிந்த நெசவாளர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகளிலோ நேர்த்தையலைத் தொடங்கலாம்.