நிழல் விழ இடம் வேண்டும்: தகட்டிலிருந்து ஒரு சிக்னல் கேபின்

என் மாடல் ரயிலுக்காக நான் முதன்முதலில் கட்டிய சிக்னல் கேபின் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அளவெல்லாம் சரி, செங்கல் நிறமும் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனாலும் பார்த்தவுடன் அட்டைப்பெட்டி மாதிரியே தெரியும். காரணம் பிடிபட வெகுநாள் ஆயிற்று. ஜன்னல்கள் சுவர் மட்டத்திலேயே ஒட்டிக்கிடந்தன; நிழல் விழ இடமே இல்லை. அதற்குப் பிறகு எதைக் கட்டினாலும் சுவரின் கனத்தைத்தான் முதலில் யோசிக்கிறேன்.

சிக்னல் கேபின் என்பது தண்டவாளம் ஓரம் நிற்கும் சின்னக் கட்டடம்; உள்ளே லீவர்களை (கைப்பிடி நெம்புகோல்களை) இழுத்து, சிக்னல்களையும் தண்டவாளம் பிரியும் பாயின்டுகளையும் கம்பி வழியே இயக்குவார்கள். கிட் (கடையில் வாங்கிப் பொருத்தும் தயார்ப் பாகங்கள்) இல்லாமல் கட்டிப் பழக இதைப் போல நல்ல கட்டடம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும். கீழே செங்கல், மேலே சுற்றிலும் கண்ணாடி. நான் கட்டுவது எச்ஓ அளவு, அதாவது 1:87. நிஜத்தில் 1 அடி என்றால் இங்கே 3.5 மி.மீ. 20 அடிக்கு 12 அடி கேபின் 70க்கு 42 மி.மீ. ஆகிவிடும்.

வரைபடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தால் செங்கல் வரிசைகளை எண்ணிவிடலாம். சாந்தோடு சேர்த்து 4 வரிசை ஏறக்குறைய 1 அடி. தரையிலிருந்து மேல்தளம் வரை 40 வரிசை என்றால் 10 அடி. மாடலில் 35 மி.மீ. கதவை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 7 அடிக் கதவு 24.5 மி.மீ. வர வேண்டும்.

பிளாஸ்டிக் தகட்டைத் தொடுவதற்கு முன் அட்டையில் ஒரு பெட்டி செய்து தண்டவாளத்தின் அருகே வையுங்கள். இருப்பதிலேயே நீளமான ரயில் பெட்டியை அந்தப் பக்கம் ஓட்டிப் பாருங்கள், வளைவில் மூலை உரசுகிறதா என்று. இரண்டு நாள் அப்படியே விட்டால் கட்டடம் அந்த இடத்துக்குப் பெரிதா சிறிதா என்பதும் தெரிந்துவிடும்.

சரி, இனி சுவர். 9 அங்குலச் செங்கல் சுவர் எச்ஓவில் 2.6 மி.மீ. செங்கல் வடிவம் பதித்த ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டின் பின்னால் வெற்றுத் தகடுகளைச் சேர்த்து அந்தக் கனத்தைக் கொண்டுவருவேன். தகட்டைக் கத்தியால் ஒரேயடியாக அறுக்க வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறி மடக்கினால் நேராக உடையும். ஜன்னல் துளைக்கு முதலில் நான்கு மூலையிலும் சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள். கத்தியை மூலையிலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். இல்லையென்றால் கீறல் மூலையைத் தாண்டி ஓடிவிடும்.

இப்போது முக்கியமான இடம். முன் தகட்டில் துளை ஜன்னலின் சரியான அளவு. பின் தகட்டில் அதே துளை நான்கு பக்கமும் 1 மி.மீ. பெரிது. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு படி மாதிரி தெரியும். ஜன்னல் சட்டம் அந்தப் படியில் போய் உட்காரும். முன்னாலிருந்து பார்க்கும்போது சட்டம் சுவருக்குள் ஒடுங்கியிருக்கும், மேல் விளிம்பின் நிழல் கண்ணாடியில் விழும். அந்த நிழல்தான் சுவருக்குக் கனம் இருப்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது. மேல்தளத்து மரச் சட்ட ஜன்னல்களுக்கு இந்த வேலையைக் கூரையின் இறவாரம் செய்யும், அதை 3.5 மி.மீ.யாவது வெளியே நீட்டுங்கள்.

சுவர் விளிம்புகளை 45 டிகிரிக்கு உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்தால் செங்கல் கோடுகள் மூலையில் முறியாமல் தொடரும். உள்மூலையில் ஒரு சதுரக் குச்சியை ஒட்டி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒட்டும் திரவத்தைப் பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டாலே போதும், தானாக உள்ளே ஓடும். தகடுகளை அடுக்கி ஒட்டும்போது தாராளமாகப் பூசினால் மறுநாள் சுவர் வளைந்திருக்கும்.

கண்ணாடிக்குச் சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி பட்டுத் தெளிவான தகடு வெள்ளையாகப் பூத்துவிடும். நான் அக்ரிலிக் வார்னிஷால் ஒட்டுகிறேன்.

வண்ணம் பூசும்போது உட்புறத்துக்கு முதலில் கறுப்பு, இல்லாவிட்டால் விளக்கு போட்டதும் சுவரே ஒளிரும். செங்கல் நிறம் நன்றாகக் காய்ந்தபின், தண்ணீராய்க் கரைத்த சாந்து நிற அக்ரிலிக்கைத் தடவி, துணியால் குறுக்கே துடையுங்கள். கோடுகளில் மட்டும் தங்கும். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செங்கல்களுக்கு வேறு சாயல்.

உள்ளே லீவர்கள் இல்லாமல் கேபின் இல்லை. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியை 14 மி.மீ. துண்டுகளாக வெட்டி, 1.5 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நடுவேன். பிரிட்டிஷ் முறையில் நிற்கச் சொல்லும் சிக்னலுக்குச் சிவப்பு, பாயின்டுக்குக் கறுப்பு, பாயின்டை அசையாமல் பிடிக்கும் பூட்டுக்கு நீலம், பயன்படாததற்கு வெள்ளை. பிடி மட்டும் பளபளக்கும் உலோகமாகவே இருக்கட்டும். ஒரு லீவரைச் சற்றே சாய்த்து நட்டால் யாரோ இப்போதுதான் இழுத்த மாதிரி இருக்கும். விளக்குக்கு மஞ்சள் சாயல் எல்இடி ஒன்று. 12 வோல்ட்டில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் மங்கலாக, அளவாக எரியும்.

கூரையை ஒட்டாதீர்கள். விளக்கு போனால் கை உள்ளே போக வேண்டும்.

கடைசியாக, கட்டடத்தைத் தரைமேல் வைக்காமல் 2 மி.மீ. உள்ளே இறக்கி, சுற்றிலும் மண்ணை அணைத்துவிடுங்கள். அடியில் வெளிச்சக்கோடு தெரியக்கூடாது. ரயில் பக்கச் சுவரின் அடியில் ஒரு நீளத் துளை விட்டிருப்பீர்களானால், அதிலிருந்து மெல்லிய கம்பிகளைத் தண்டவாளம் ஓரமாகப் பாயின்ட் வரை கொண்டுபோகலாம்.