ஹெட் ஸ்கிம் செய்த வீராவில் கம்ப்ரெஷன் கணக்கு

தாப்பாவிலிருந்து ரிங்லெட் மலையேற்றத்தில் ரோன் 95 பெட்ரோல் ஊற்றிய புரோட்டோன் வீரா காடியின் எஞ்சின் தட்டியது (நாக்கிங்). சிலிண்டர் ஹெட்டை ஸ்கிம் செய்தால், அதாவது அடிப்பரப்பைச் சீவினால், சேம்பர் (எரியும் அறை) சுருங்கி கம்ப்ரெஷன் விகிதம் ஏறும்; சீவியபின் அதை அளக்காததே காரணம்.

இதன் 4ஜி15 எஞ்சினில் போர் (சிலிண்டர் விட்டம்) 75.5, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 82 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 367.1 சிசி.

ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு, பிளக் பூட்டி, ஓரத்தில் கிரீஸ் தடவி, துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை ஒட்டினேன். பியூரெட்டிலிருந்து சேம்பர் நிறைய விட்ட மண்ணெண்ணெய்: 29 சிசி. ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும், பொறுமை வேண்டும்.

பிஸ்டன் தலையிலுள்ள குழியைத்தான் பலர் மறக்கிறார்கள். பிஸ்டனை பிளாக் மட்டத்திலிருந்து சரியாக 10 மி.மீ. இறக்கி, ரிங் இடுக்கைக் கிரீஸால் அடைத்து நிரப்பினால் 47.8 சிசி, அந்த 10 மி.மீ. சிலிண்டரின் 44.8 கழிய, குழி 3. டாப் டெட் சென்டரில் (பிஸ்டன் ஏறும் உச்சியில்) பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.2 மி.மீ. கீழே: 0.9 சிசி. கேஸ்கெட் துளை 77 மி.மீ., இறுக்கியபின் தடிமன் 1: 4.7 சிசி. இறுக்காத புதுக் கேஸ்கெட்டின் தடிமனைப் போடக்கூடாது.

கூட்டினால் 37.6. கம்ப்ரெஷன் விகிதம் (367.1 + 37.6) ÷ 37.6 = 10.8. இந்த மலையேற்றத்துக்கும் ரோன் 95க்கும் அது அதிகம்.

இறுக்கியபின் 1.6 மி.மீ. வரும் கேஸ்கெட் போட்டேன்: 7.5 சிசி, விகிதம் 10.1. ஸ்க்விஷ் இடைவெளி (உச்சியில் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே) 1.8 மி.மீ. ஆக விரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இக்னிஷன் டைமிங் 2 டிகிரி பின்தள்ளியதும் தட்டல் நின்றது.