ஊர்க் குழுவின் இரண்டாவது ஆல்பம் ஏமாற்றினால் விமர்சனம் எழுதும் முறை

வேலூரில் சொந்தப் பாடல்களை மட்டுமே பாடும் சுயாதீன இசைக்குழுக்கள் குறைவு. அப்படி ஒரு குழுவின் முதல் ஆல்பத்தைக் கொண்டாடிய நமக்கு இரண்டாவது ஆல்பம் சப்பென்று இருந்தால், அதைப் பூசி மெழுகுவதாலும் ஒரே வரியில் ஒதுக்குவதாலும் அவர்களுக்குப் பயனில்லை. குறை பாட்டில் இருக்கிறதா, பதிவில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதே விமர்சகரின் முதல் வேலை.

பயணத்தில் கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயிலில் ஓர் ஆல்பத்தைக் கேட்ட நான், பேஸ் கிட்டார் மெலிந்திருப்பதாகக் குறித்துக்கொண்டேன். ரயிலின் தாழ்ந்த இரைச்சல் அதை விழுங்கியிருந்தது என்பது வீட்டில் கேட்டபோதுதான் புரிந்தது. அமைதியான அறையில், ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் செல்பேசியின் ஈக்குவலைசரை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இரண்டு ஆல்பங்களையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதையே காது மேலானதென்று எண்ணிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பாட்டின் பல்லவியையும் வாத்தியம் இல்லாமல் பாடிப் பாருங்கள். மறுநாளும் அது நாவில் நின்றால் மெட்டு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது பதிவில்தான். இதற்கு நம் வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் ஒலிக்கும், சிறிய நாதஸ்வரம் போன்ற ஊதுகருவியான முகவீணையின் கூரிய நாதம், திறந்தவெளியில் கடைசி வரிசைவரை சென்று சேர வல்லது. அதே முகவீணையை, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றிய மின்கிட்டாரோடு ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால், மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டும் மோதி, பாடகரின் சொற்களையும் மூடிவிடக்கூடும். அத்தகைய இடத்தில் ‘இரைச்சலாக இருக்கிறது’ என்று எழுதி நிறுத்தாமல், எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், எந்த இரண்டு வாத்தியங்கள் மோதுகின்றன என்று எழுதுங்கள். பதிவான ஒலிகளைச் சமன்செய்து இணைக்கும் மிக்ஸிங் வேலையைச் செய்பவருக்குப் பயன்படுவது அந்த வரிதான்.

மெட்டே நிற்கவில்லையென்றால், அந்தப் பாடல்கள் பதிவுக்கு முன் எத்தனை மேடை கண்டன என்று குழுவினரிடமே கேளுங்கள். முதல் ஆல்பத்தின் பாடல்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கல்லூரி விழாக்களில் அடிபட்டுத் தேறியவை. கூட்டம் நெளிந்த இடத்தை அடுத்த ரிகர்சலில் வெட்டியிருப்பார்கள். இரண்டாவது ஆல்பத்தின் பாடல்களுக்கு அந்த அவகாசம் பல நேரங்களில் வாய்ப்பதில்லை. இதைக் காரணமாக எழுதலாம், சலுகையாக எழுதக் கூடாது.

வரிகளைக் கையால் எழுதிப் பாருங்கள். பாலாற்றின் வறண்ட மணலையும் கோட்டை அகழியையும் பாடியவர்கள் இப்போது எந்த ஊருக்கும் பொருந்தும் காதல் வரிகளை எழுதியிருந்தால், இரண்டையும் அருகருகே மேற்கோளாகக் காட்டுங்கள். தேறிய பாட்டு ஒன்றே ஒன்று இருந்தாலும், அது ஏன் தேறியது என்பதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள்.

வெளியிடும் முன் யார் எதை வாசித்தார், எங்கே பதிவானது போன்ற தகவல்களை மட்டும் குழுவிடம் சரிபாருங்கள். தவறிருந்தால் திருத்துங்கள், மதிப்பீட்டில் கை வைக்காதீர்கள்.