லாஃப்ராய்க் கடைசியில் வரட்டும்

இரண்டு மூன்று சிங்கிள் மால்ட்களை, அதாவது ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியில் வடித்த விஸ்கிகளை, ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்களா? வரிசைதான் முக்கியம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வரும் லாஃப்ராய்க்கை முதலில் தொட்டால் கதை முடிந்தது. பார்லியை உலர்த்தும்போது ஏறிய பீட் (சதுப்பு நிலத்து மக்கிய மண்) புகையும் அந்த ஆஸ்பத்திரி நெடியும் நாக்கை விட்டு லேசில் போகாது. அப்புறம் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதி கிளென்ஃபிடிக், பாவம், தண்ணீர் போலத்தான் தெரியும். ஆகவே 12 வருடம் ஊறிய கிளென்ஃபிடிக் 12 முதலில், ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறிய மெக்காலன் அடுத்து, புகைக்காரர் கடைசியில்.

வாய் குறுகிய துலிப் கிளாஸில் ஆளுக்கு 15 மில்லி போதும். வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள், மூக்கெரிச்சல் குறையும். ஒரு மடக்குக்குப் பிறகு ஸ்பூனால் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால், முன்பு பிடிபடாத பழ வாசனை எழும்பும். ஐஸ் மட்டும் வேண்டாம், குளிரில் மணம் அடங்கிவிடும்.